முதுகு காட்டி உட்கார்ந்த கூட்டம்

எங்கள் வீட்டுக்கு மைக் செட் வந்த அன்று தெருவே வாசலில் கூடிவிட்டது. மதுரையிலிருந்து ரயிலில், வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் வந்தது. உள்ளே ஒரு கனத்த கறுப்புப் பெட்டி, கையடக்கமான ஒரு மைக், பூசணிப்பூ மாதிரி வாய் விரிந்த பெரிய குழாய். தென்காசியில் என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் யோசனை. மோட்டார் பேட்டரியில் கம்பிகளை மாட்டிவிட்டு மைக்கை வாய்க்கு நேரே பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். நாலு பேர் பார்க்கப் பேச வராத மனுஷர் அவர்.

"ஏட்டி, நீ ஏதாவது சொல்லு" என்று என் கையில் திணித்துவிட்டார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்றேன். என் குரல் என்னைவிட்டு எகிறிப்போய் எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. தெருக்கோடியில் இருந்து யாரோ, "கேக்கு, கேக்கு!" என்று கத்தினார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. அதன்பின் அவர் செட்டை மாட்டுவார், நான் பேசுவேன். பொம்பளைக் குரல் ஊரெல்லாம் கேட்கிறதே என்று முகம் சுளித்தவர்கள்கூடத் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு, "உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்கள்.

சென்னையில் நம்மவர்கள் மந்திரிகளாக உட்கார்ந்திருந்த சமயம் அது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. ஆனாலும் எங்கள் பக்கம் கூட்டம் போடலாம், கொடி பிடிக்கலாம். தென்காசியிலிருந்து செங்கோட்டைச் சாலையில் கொஞ்சம் மேற்கே போனால் எல்லை வந்துவிடும். சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் ஒரு சுங்கச் சாவடி. அதற்கு அந்தப் பக்கம் சமஸ்தானம், ராஜா ஆட்சி. நாங்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான் எங்களை ஆள வேண்டும் என்று அங்கே ஜனங்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கேட்டதும் கூட்டம், ஊர்வலம், கோஷம் எல்லாவற்றுக்கும் தடை வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் ஒரு வக்கீல் கடைக்கு வந்தார். ஒல்லியான ஆள், கதர்ச் சட்டை, கையில் குடை. எல்லைக்கு அப்பால் அவர் வீடு. தடைக்குப் பிறகு இந்தப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர் என்றுதான் நினைத்தோம்.

"அண்ணாச்சி, உங்க குழாய் எவ்வளவு தூரம் கேக்கும்?" என்று கேட்டார்.

"காத்தைப் பொறுத்தது" என்றார் இவர்.

"எல்லைக்கு இந்தப் பக்கம் நின்னு பேசுனா அந்தப் பக்கம் கேக்குமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்து கை கொட்டிக்கொண்டு ஓடி வந்தேன். இங்கே பேசத் தடையில்லை. அங்கே நின்று கேட்கத் தடையில்லை. நடுவில் பறக்கிற சத்தத்தை எந்தப் போலீஸ் பிடிக்கும்? வக்கீலும் சிரித்துவிட்டார். இவர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு மேற்கே மலையைப் பார்த்தார். "சீசன் காத்து மேற்கேயிருந்துல்லா அடிக்கி. சத்தத்தைத் திருப்பி நம்ம மூஞ்சியிலயே அடிக்குமே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லைக்குப் பக்கத்துத் தரிசில் கூட்டம். அங்கே நின்ற மருதமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டினார் இவர். பேச வராத மனுஷர் மரம் ஏறுவதில் குரங்கு. சாரல் விட்டு விட்டுத் தூவியது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்தார்கள். இலஞ்சியிலிருந்து விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மூங்கிலுக்கு அந்தப் பக்கம், சாலையோரம், வரப்பு, திண்டு எல்லாம் தலைகள்! சும்மா காற்று வாங்க வந்தவர்கள் போல மேற்கேயும் கிழக்கேயும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் மைக்கைப் பிடித்து, "கேக்குதா?" என்றேன். அந்தப் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் நூறு குடைகள் ஒரே சமயத்தில் மேலே தூக்கி ஆட்டப்பட்டன. கேட்கிறது!

வக்கீல் பேச ஆரம்பித்து நாலு வாக்கியம் சொல்லியிருப்பார். அந்தப் பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது ஆயுதப் போலீஸ் இல்லை, செண்டைக்காரர்கள்! தோளில் மேளத்தை மாட்டிக்கொண்டு எல்லையோரம் வரிசையாக நின்று வெளுத்து வாங்கினார்கள். எங்கள் சத்தத்தை அமுக்கச் சமஸ்தானத்து இன்ஸ்பெக்டர் செய்த ஏற்பாடு. வக்கீல் மைக்கை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். அந்தப் பக்கமும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரும் கல்லை எடுக்கவில்லை, யாரும் வையவில்லை. ரெண்டு பக்கமும் ஜனங்கள் அசையாமல் உட்கார்ந்து செண்டை கேட்டோம். எத்தனை நேரம்தான் அடிப்பார்கள்? கை ஓய்ந்து நிறுத்தியதும் வக்கீல் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மறுபடி செண்டை. மறுபடி உட்கார்ந்தோம். மூன்றாவது தடவை செண்டைக்காரர் ஒருவர் கோலைக் கீழே போட்டுவிட்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பேச்சுக்குப் பயந்து மேளம் அடிக்கிறானுவ" என்று ஊரெல்லாம் பேச்சு.

அடுத்த ஞாயிறு கூட்டம் ரெண்டு மடங்கு. செண்டைக்காரர்கள் வரவில்லை. வக்கீல் பேசி முடிக்கிற நேரம் மூங்கிலைத் தாண்டி ஓர் அம்மா தனியாக நடந்து வந்தார். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, நிமிர்ந்த நடை. நேரே மேடைக்கு வந்து, "நானும் பேசணும்" என்றார்.

அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் அவர். தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தெருவில் பிறந்தவர். வக்கீலுக்கு அவரைத் தெரியும்.

"என்ன பேசப் போறிய டீச்சர்?"

"உங்களுக்கு எதிரா."

மேடையோரம் நின்ற தொண்டர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். "வேண்டாம் அண்ணாச்சி. போலீஸ்காரன் அனுப்புன ஆளு. இறக்கி விடுங்க." வக்கீலின் முகம் கறுத்தது. அவருக்கும் விருப்பமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மேளம் கொட்டியபோது பொறுமையாக உட்கார்ந்த மனுஷர், இப்போது குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "பேசட்டும்" என்றார்.

மைக்கை நான்தான் டீச்சர் கையில் கொடுத்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது: "எனக்கு ராஜாதான் வேணும். உங்க ஓட்டு ஆட்சி வேண்டாம்."

அவ்வளவுதான். கூட்டம் எழுந்துவிட்டது. "இறங்கு! இறங்கு!" என்று ஒரே கூச்சல். எங்கிருந்தோ மண்ணெண்ணெய்த் தகரங்கள் வந்தன. இளவட்டங்கள் கட்டையால் தகரத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மண்கட்டி டீச்சரின் சேலையில் வந்து உடைந்தது. அவர் நகரவில்லை.

இவர் கறுப்புப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அணைச்சிரட்டுமாட்டி? பெட்டியை உடைச்சிருவானுவ போலிருக்கே!" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் கோபம்தான். இத்தனை பேர் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்கிற ஒன்றை, இந்த அம்மா வந்து வேண்டாம் என்கிறாரே என்று கொதித்தது. அப்போதுதான் எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் மூங்கிலில் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். போன வாரம் சிரிக்காத மனுஷர்!

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது எனக்கு. மைக்கை வாங்கினேன். "கேக்குதா?" என்று நான் போட்ட சத்தத்தில் மருதமரத்துக் காக்கைகள் பறந்தன.

"இந்த அக்கா சொல்லுதது எனக்கும் பிடிக்கல. ஒரு சொட்டும் பிடிக்கல. ஆனா போன வாரம் அங்கன மேளம் அடிச்சான். பேச்சுக்குப் பயந்தவன்னு நாம சிரிச்சோம். இன்னைக்கு இங்கன தகரம் அடிக்கோம். அந்தா பாருங்க, அவன் சிரிக்கான்!"

தலைகள் எல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தன. தகரச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முன்வரிசையில் இலஞ்சிக்காரர் ஒருவர் எழுந்தார். பருத்த உடம்பு, பெரிய மீசை. கொஞ்சம் நிலபுலன் உள்ளவர்.

"கேக்கச் சகிக்காதவன் என்ன செய்ய? அதைச் சொல்லு தாயி!"

அதை நான் யோசித்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "முதுகைக் காட்டிட்டு உக்காருங்க! அவங்க முகத்தைப் பாக்க வேண்டாம். எங்களுக்கு இது பிடிக்கலன்னு முதுகு சொல்லட்டும். பேச்சை மட்டும் நிறுத்தாதிய!"

மீசைக்காரர் என்னை முறைத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றித் திரும்பி, தொம்மென்று கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். அடுத்தவர். அதற்கடுத்த வரிசை. மேடையிலிருந்து பார்க்கிறேன், கண்ணுக்கு எட்டிய மட்டும் முதுகுகள்! சட்டை போட்ட முதுகு, போடாத முதுகு, ஈரத் துண்டு போர்த்திய முதுகு. அப்படி ஒரு காட்சியை நான் கண்டதேயில்லை. பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டீச்சரும் சிரித்துவிட்டார். என்னிடமிருந்து மைக்கை மறுபடி வாங்கிக்கொண்டார். "சரி. காதைப் பொத்தாம இருக்கியளே, அது போதும்" என்று தொடங்கினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால வரைக்கும் கோயிலை நான் வெளியே நின்னுதான் பாத்திருக்கேன். ராஜா ஒரு உத்தரவு போட்டாரு. எங்க அம்மா கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனேன். கொடிமரத்துப் பக்கம் வந்ததும் அம்மா நின்னுட்டா. 'ஏட்டி, வா போயிருவோம்'ங்கா. யாரும் அடிக்கல. தீபாராதனை முடிஞ்சு வெளியே வந்து, 'சாமி இவ்வளவு சின்னதாவா இருக்கும்'னு கேட்டா. அறுவது வயசுல!"

மீசைக்காரரின் கழுத்து மட்டும் லேசாகத் திரும்பியது.

"இப்ப உங்க பக்கம் நிக்கேன். இங்கன எல்லாருக்கும் சுதந்திரம் வேணும்னு சொல்லுதிய. இங்கேருந்து கிழக்க நடந்தா உங்க கோயிலுவ. என்னை உள்ள விடுவியளா? விட மாட்டிய. நாளைக்கு ஓட்டு வரும். நிலம் இருக்கவன், வரி கட்டுதவன் போடுவான். எங்க தெருவுல ஒருத்தருக்கும் ஓட்டு இருக்காது. உங்க நல்ல மனசை நம்பி நான் ராஜாவை விட்டுரணுமா? சொல்லுங்க!"

நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். அங்கே யார் வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். யார் வருவதில்லை என்று பார்த்ததில்லை.

வக்கீல் எழுந்து வந்தார். "டீச்சர் கேட்டதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல" என்றார் முதலில். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "ஆனா ஒண்ணு கேக்கேன் டீச்சர். ஒரு ராஜா மனசு வச்சுக் குடுத்ததை அடுத்த ராஜா மனசு மாறி எடுத்துட்டா என்ன செய்விய? தாறதும் எடுக்கதும் இன்னொருத்தன் கையில இருக்கக் கூடாது. அதனாலதான் எல்லாருக்கும் ஓட்டு வேணும்ங்கேன்."

"எல்லாருக்கும்னா எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

"இதை ஏன் இத்தனை கூட்டத்துல ஒருதடவைகூடச் சொல்லல?"

முதலில் சிரித்தது மீசைக்காரர்தான். முழுசாகத் திரும்பி உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டு, "மாட்டிக்கிட்டியளா வக்கீலய்யா!" என்றார். முதுகுகள் எல்லாம் முகங்களாக மாறின. வக்கீலும் சிரித்து, "இன்னைக்குச் சொல்லிட்டேன். இனி எப்பவும் சொல்லுவேன்" என்றார். டீச்சர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "சொல்லுங்க. செஞ்சா பாக்கேன். அதுவரைக்கும் நான் ராஜா பக்கம்தான்" என்று மைக்கை என் கையில் தந்துவிட்டு, வந்த வழியே நடந்தார். எழுந்து நின்று வழிவிட்டார்கள். மண்கட்டி எறிந்த பையன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

வண்டியில் திரும்பும்போது இவர் வாயே மூடவில்லை. பேச வராத மனுஷர், எல்லை தொடங்கி வீடு வரைக்கும் டீச்சர் சொன்னதையும் வக்கீல் சொன்னதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் உடம்பு முழுக்கப் பரபரப்பு. ஒரு பேச்சு இன்னொரு பேச்சை வெட்டிப் போவதைக் கண்ணால் பார்த்தோமே! யாருக்கும் ரத்தம் வரவில்லை, யாரும் ஓடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்னாலேயே வக்கீல் கைதாகிவிட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று எல்லையைத் தாண்டிப் போனவரை வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். செய்தி சொன்ன பஸ் டிரைவர் இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்கு எதிர்த்துப் பேசுன டீச்சரம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருக்காவ!"

நாங்கள் நம்பவில்லை. அதே பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்தோம். ஸ்டேஷனுக்கு எதிரே புங்கமரத்தடியில் டீச்சர் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க இங்கன?" என்றேன்.

"அவர்கிட்ட நான் இன்னும் நாலு கேள்வி கேக்கணும் தங்கச்சி. அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டா யார்கிட்டக் கேக்க?"

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தார். மலையாளம் கலந்த தமிழில், "டீச்சர் நம்ம ஆளல்லே? எந்தா இது?" என்று ரொம்பக் குழைவாகவே கேட்டார்.

"உங்க ஆளுதான் சார். ராஜா ஆளுதான். அதனாலதான் சொல்லுதேன். பேசுனவரை ஜெயில்ல போட்டா, ராஜாகிட்டப் பதில் இல்ல போலன்னு ஜனங்க நினைப்பாங்க. எனக்குப் பதில் இருக்கு. அவரை விடுங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

தடையை மீறுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். ராஜா வாழ்க என்று சொல்லிக்கொண்டே ஸ்டேஷன் முன்னால் உட்காருகிறவரை என்ன செய்வது? உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். நான் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இவர். வேடிக்கை பார்த்தவர்களில் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ராஜா பக்கத்து ஆட்களும் உண்டு, வக்கீல் பக்கத்து ஆட்களும் உண்டு. கோஷம் ஏதும் போடவில்லை. என்ன கோஷம் போடுவது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாதே!

அன்று அவரை விடவில்லை. சில மாதங்கள் கழித்து மற்றவர்களோடு சேர்த்துத்தான் விட்டார்கள். அதற்குள் டீச்சரை மலைப்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எஸ்டேட் லாரியில் பெட்டி படுக்கையோடு ஏறிப் போனார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அழுகை வந்தது. ராஜாவுக்காகப் பேசியவருக்கு ராஜாவின் ஆட்கள் தந்த பரிசு அது.

வக்கீல் வெளியே வந்ததும் எங்கள் பக்கம் ஒரு காரியம் ஆரம்பித்தார். ஜெயிலில் டீச்சருடைய கேள்வி தூங்க விடவில்லை என்றார். வாராவாரம் எங்கள் மைக் செட்டோடு இந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் திறப்புக்காகப் பேசினார். அப்போது தகரம் அடித்தவர்களும் உண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்களும் உண்டு. அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. இலஞ்சிக்காரர் சில ஊர்களில் முதுகைக் காட்டினார், சில ஊர்களில் மீசையைக் காட்டினார். பிறகு சட்டம் வந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அதற்கு அடுத்த சீசனுக்கு டீச்சர் லீவில் வந்தார். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் பெண்கள் பக்கம் ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் மண்டையில் இடிக்கிற இடியில் பேச முடியாது. ஆனாலும் அவர் என் காதில் கத்தினார்: "மாத்திட்டானுவ பாத்தியா! ஆனாலும் நான் ராஜா பக்கம்தான்!" "நீங்க செய்யுதது தப்பு அக்கா!" என்று நானும் கத்தினேன். சுற்றி நின்ற பெண்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். ஈரத் தலையோடு நேரே கோயிலுக்குள் போனோம். அவர் நிற்காமல், தயங்காமல், முன்னால் நடந்தார்.

வெளியே வந்தால் வக்கீல் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் போய்க் கூட்டி வந்திருக்கிறார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. படிக்காதவருக்கும் ஓட்டு உண்டா என்று டீச்சர் கேட்டார். உண்டு என்றார் வக்கீல். அப்படியானால் முதலில் பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்றார் டீச்சர். செங்கோட்டை பஸ் வந்து நின்றது, கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்தார், பஸ் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

பிறகு நாலு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். ஒரே வரிசையில் இலை போட்டேன். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "படிப்பு முதல்ல" என்கிறார் ஒருவர், "ஓட்டு முதல்ல" என்கிறார் மற்றவர். ரசம் ஊற்ற நின்றவள் கரண்டியைப் பிடித்தபடியே நானும் நடுவில் புகுந்து பேச ஆரம்பித்துவிட்டேன்.